பெயர்களின் மேல் ஒரு பூச்சாடி

பிறேமா வீட்டில் புளி இரண்டு போத்தல்களில் இருக்கும். ஒன்று குழம்புக்கு. மற்றது வாசலில் கிடக்கிற மூன்று பேருக்கு.

வாசல் என்றால், ஜேர்மனியில், கொலோன் நகரத்தில் அவர்கள் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டிடத்தின் முன்னால் உள்ள நடைபாதை. அதில் உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு போர்த்த மூன்று கற்களைப் பதித்திருக்கிறார்கள். சீக்ஃப்ரீட் லிண்ட்ஹைம், மேற்றா லிண்ட்ஹைம், ரூத் லிண்ட்ஹைம். யூதக் குடும்பம், இதே கட்டிடத்தில் இருந்தவர்கள். 1942ஆம் ஆண்டு பிடித்து ரயிலேற்றி மின்ஸ்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொன்றார்கள். ரூத்துக்கு எட்டு வயது. எல்லாம் அந்தத் தகட்டிலேயே எழுதியிருக்கிறது. இந்த நாட்டில் எத்தனையோ தெருக்களில் இப்படிக் கற்கள் உண்டு. சனம் பேக்கரிப் பையோடு மேலால் நடந்து போகும்.

பிறேமாவின் மனுசன் சூசைதாசன் இந்தக் கட்டிடத்துக்கு ஹவுஸ்மைஸ்டர். குப்பைத்தொட்டி இழுத்து வைப்பது, பனி தள்ளுவது, எரியாத பல்பை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. படிக்கட்டுக் கழுவுவது பிறேமா. பட்டம் அவருக்கு, படிக்கட்டு இவளுக்கு. 2009இல் குடிவந்த முதல் கிழமையே அவளுக்கு அந்தக் கற்கள் கண்ணில் குத்தின. கடதாசியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். செத்த பிள்ளையின் பெயரை இப்படி நாளும் பொழுதும் மிதிப்பார்களா? பின்கொட்டிலில் கிடந்த நீளமான சீமெந்துப் பூச்சாடியை மனுசனோடு சேர்ந்து இழுத்து வந்து, மூன்று கற்களையும் மூடி வைத்தாள். செவ்வந்தியும் நட்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு மனுசி வந்து கதவைத் தட்டினா. ஃபைனா என்று பெயர். உக்ரைனிலிருந்து தொண்ணூற்றாறில் வந்தவ, யூத மனுசி, அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவ. முகம் நெருப்பாக இருந்தது. இரண்டு பேருடைய டொச்சும், அதாவது ஜேர்மன் மொழியும், நொண்டிதான். ஆனால் பிறேமாவின் காதில் அந்த மனுசி பேசுவது எப்போதும் ஊர்த் தமிழாகத்தான் விழும், ஆகவே அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"சாடியை ஆர் வைச்சது? நீயா?"

"ஓம், நான்தான். சனம் மிதிக்குது. பேரெல்லே அது. மிதிக்கக்கூடாது."

மனுசி இவளை மேலும் கீழும் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, படியில் இருந்துவிட்டா.

"நான் பொலிசுக்கு என்ன சொல்லுறதெண்டு ரெண்டு நாளா யோசிச்சனான். ஆரோ பகையிலை மூடியிருக்கினம் எண்டு நினைச்சன். பிள்ளை, மிதிச்சால் மிதிக்கட்டும். மூடக்கூடாது. காணாமல் போனவையைத் திருப்பியும் காணாமல் ஆக்கிறதோ?"

அன்று சாடியைச் சுவரோரம் நகர்த்தியதுதான், பதினாறு வருடம் அது அங்கேயே நின்றது. அடுத்த கிழமை பிறேமா புளியைக் கரைத்துக்கொண்டு போய்க் குந்தியிருந்து கற்களைத் தேய்த்தாள். ஊரில் கோயில் குத்துவிளக்கு மினுக்குகிற அதே தேய்ப்பு. கறுத்துக் கிடந்த தகடு பொன் மாதிரி எழும்பியது. ஃபைனா மனுசி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இது என்ன மருந்து?" என்றா. "குழம்புக்குப் போடுற சாமான்," என்றாள் பிறேமா. அதுக்குப் பிறகு புதன்கிழமை தோறும் மனுசியை ட்ராமில் ஏற்றி யூதச் சபை மண்டபத்துக்குக் கூட்டிப் போவதும் இவள் வேலையானது. அங்கே கிழடுகட்டைகள் கூடித் தேத்தண்ணி குடிக்கும், ரஷ்யப் பாட்டுப் பாடும், செஸ் விளையாடும். வாசலில் பொலிஸ் வாகனம், இரும்புக் கதவு, பையைத் திறந்து காட்ட வேண்டும்.

"பூசைக்குப் போக எனக்குப் பொலிஸ் வேணுமெண்டால் நான் போகவே மாட்டன்," என்று பிறேமா ஒருநாள் சொன்னாள்.

"அதுதான் அவங்களுக்கும் வேணும், நாங்கள் போகாமல் விடுறது," என்றா மனுசி.

இரண்டு பேரையும் ஒட்டவைத்தது புளி மட்டும் இல்லை. பிறேமாவின் அண்ணன் அன்ரனை 1990இல் ஊரில், பேசாலையில், பட்டப்பகலில் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். தாய் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டா. எல்லாரும் "நாங்கள் உள்ளுக்கை நிண்டனாங்கள், ஒண்டும் காணேல்லை" என்றார்கள். எதிர்வீட்டுத் தவமலரக்கா முற்றத்தில் கருவாடு காயவிட்டுக்கொண்டு நின்றவ. கையில் உப்புச் சட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றதைப் பிறேமாவே கண்டவள். அவவும் "காணேல்லை" என்றா. ட்ரக்கில் வந்தவர்களைத் தாய் சபித்ததே இல்லை. தவமலரக்காவைச் சாகும்வரை சபித்தா.

இதைக் கேட்டுவிட்டு ஃபைனா மனுசி தன் கதையைச் சொன்னா. பிறந்து மூன்று மாதத்தில், ஜேர்மன்காரர் ஊருக்குள் வர முந்தி, தாய் தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பியவ. போகமாட்டேன் என்று நின்ற தகப்பனும் அவருடைய தாயும் தகப்பனும் சுடுபட்டுப் பள்ளத்தில் விழுந்தார்கள். "சுட்டவனை எனக்குப் பாக்கத் தேவையில்லை," என்றா. "பக்கத்து வீட்டிலை திரைச்சீலையை விலக்கிப் பாத்திட்டு விட்டவளைத்தான் ஒருக்காப் பாக்கவேணும். முன்னாலை இருத்தி ஒரு தேத்தண்ணி குடுத்து, சும்மா பாக்கவேணும்."

வருடம் தவறாமல் நவம்பர் ஒன்பதாம் திகதி அந்தக் கற்களைச் சுற்றிச் சனம் கூடும். 1938இல் இந்தத் தேசம் முழுக்க யூதர்களின் கோயில்களைக் கொளுத்தின நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், பாதிரியார் வருவார், சபைக் கிழவர்கள் வருவார்கள். பெயர்களை உரத்து வாசிப்பார்கள். பிறேமா காலையில் புளியால் மினுக்கி வைத்து, பின்னேரம் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பாள். "எங்கடை திருவிழா" என்பாள். திருவிழா என்று சொல்வது பிழைதான், ஆனால் அவளைத் திருத்த ஒருவரும் நினைக்கவில்லை.

இந்த வருடம் அதற்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை காலை, வாளியும் தும்புத்தடியுமாக இறங்கி வந்தவள் கீழே நின்றுவிட்டாள். ஃபைனா மனுசியின் கதவில் கறுப்புப் பெயின்ற்றில் ஒரு ஆறுமுனை நட்சத்திரம். அதற்குக் கீழே "வெளியே போ" என்று கொட்டை எழுத்தில். தெருக்கதவைத் திறந்தால் மூன்று கல்லும் கறுப்பு. ரூத்தின் வயதுகூடத் தெரியவில்லை.

"ஐயோ, கடவுளே," என்று வாளியை வைத்தாள். கை தன்பாட்டில் துணியை எடுத்தது.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "துடைக்காதை," என்றா ஃபைனா மனுசி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "படம் எடுக்கட்டும். பிறகு துடைப்பம்."

பொலிஸ் வந்து படம் எடுத்தது. முன்கதவு உடைபடவில்லை, யாரோ உள்ளேயிருந்து திறந்து விட்டிருக்கிறார்கள் என்றது. நாளைக்கு ஒவ்வொரு வீடாக வந்து விசாரிப்போம் என்று சொல்லிப் போனது. பிறேமா கரைப்பானை ஊற்றி மத்தியானம்வரை உரஞ்சினாள். கல்லில் பிடித்ததற்குப் புளி சரிவரவில்லை. கதவில் எழுத்துப் போனது, ஆனால் எழுத்தின் நிழல் போகவில்லை.

பிறகு நிலவறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனாள். மகன் லக்ஸனின் சாம்பல் நிற மேற்சட்டையில், வலது கை ஓரத்தில், கறுப்புப் பொட்டுப் பொட்டாக. மெஷின் மூடியைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். முதல் நாள் பின்னேரம் தானும் மனுசனும் செபக்கூட்டத்துக்குப் போனதும், மகனின் சிநேகிதர் இரண்டு பேர் வருவதாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

லக்ஸனுக்கு இருபது வயது. மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறான், தை மாதம் முடிகிறது. பின்னேரம் வந்து குசினியில் இருந்தான். பிறேமா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சூசைதாசன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தச் சட்டையிலை என்னடா கறுப்பு?"

"வேலையிலை பட்டது."

"நீ வயர் இழுக்கிறனீ. பெயின்ற் அடிக்கிறேல்லை."

"அம்மா, நான் அடிக்கேல்லை."

"நீ அடிச்சனீயோ எண்டு நான் இன்னும் கேக்கேல்லையே."

சூசைதாசன் ரிவியை நிறுத்தினார். பெடியன் மேசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கூடப் படிக்கிற யானிக்கும் டெனிசும் வந்தவர்கள். போகும்போது கல்லைப் பார்த்துப் பகிடி விட்டார்கள். பெயின்ற் டெனிசின் பையில் இருந்தது.

"பிறகு திரும்பி வந்து பெல் அடிச்சாங்கள். கதவு திறந்து விட்டன். கீழை லைற் எரியேல்லை..."

"அதை நாளைக்கு மாத்துவம் எண்டு இருந்தனான்," என்றார் சூசைதாசன், இதுதான் இப்போது முக்கியம் என்பது போல.

"போன் லைற்றை அடிச்சுப் பிடி எண்டாங்கள்," என்றான் லக்ஸன்.

"பிடிச்சனீ?"

அவன் போனை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"உனக்குக் கணக்குச் சொல்லித் தந்த மனுசியின்ரை கதவு. நாலாம் வகுப்பிலையிருந்து ஒம்பதாம் வகுப்பு மட்டும். கோதாரியிலை போவானே, அந்தக் கதவுக்கு நீ வெளிச்சம் பிடிச்சனீயோ?" கையில் மீன் செதிலோடு அவள் கத்தினாள். "ஏன்ரா? அந்த மனுசி உனக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை." அவன் அழத் தொடங்கினான். "எல்லாரும் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சன். ஒவ்வொரு நாளும் என்னைக் கறுப்பன் எண்டு நக்கலடிக்கிறவங்களம்மா. அண்டைக்குத்தான் தங்கடை ஆள் மாதிரிக் கதைச்சாங்கள்."

பிறேமாவுக்கு அவனை அறையவும் வேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் கையைக் கழுவினாள். "எழும்பு. கீழை போவம். மனுசியின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. நாளைக்குப் பொலிசுக்கும் சொல்லு."

"இருமப்பா," என்றார் சூசைதாசன். எழுந்து குசினிக் கதவைச் சாத்தினார். "வாற வெள்ளிக்கிழமை இவனுக்கு என்ன டெர்மீன் எண்டு தெரியுமெல்லே?"

தெரியாமலா? சிற்றிசனுக்கான டெர்மீன், குடியுரிமை அலுவலகம் குறித்துக் கொடுத்த நாள். லக்ஸன் இங்கே பிறந்தவன்தான், ஆனால் பிறந்த நேரம் தாய் தகப்பனுக்கே விசா நிலையில்லை. அவனுடைய அன்ராக், அந்த விண்ணப்பம், மூன்று வருடமாக அலுவலகத்தில் கிடந்து, இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"வழக்கெண்டு ஒரு கடதாசி எழுதினாங்களெண்டால் அன்ராக் முடிஞ்சுது. அதுவும் யூதாக்களின்ரை விசயம். இஞ்சை அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. வேலையும் போம். பெடியன்ரை வாழ்க்கை அதோடை சரி."

"மனுசிக்கு என்ன பதில் சொல்லுறது?"

"என்னத்தைச் சொல்ல? நீர்தான் கதவைத் துடைச்சு விட்டனீரே. அவங்கள் ரெண்டு பேரும் வெள்ளைக்காரப் பெடியள், தகப்பன்மார் லோயர் பிடிப்பினம். கடைசியிலை இவன்ரை தலையிலைதான் விடியும். நாங்கள் செபக்கூட்டத்திலை நிண்டனாங்கள். ஒண்டும் காணேல்லை. அது பொய்யில்லையே?"

பிறேமா அவரைப் பார்த்தாள். "தவமலரக்காவும் இப்பிடித்தான் யோசிச்சிருப்பா."

"அவவுக்கும் ரெண்டு பெடியள் இருந்தவையப்பா," என்றார் சூசைதாசன், மெதுவாக.

முப்பத்தைந்து வருடத்தில் அந்த யோசனை பிறேமாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மீன் குழம்பு கொதித்தது. அன்று மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள், ஒருவரும் உப்புக் காணாது என்றுகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவள் இரண்டு தரம் படியிறங்கினாள். முதல் தரம் இரண்டாம் மாடியோடு திரும்பினாள். இரண்டாம் தரம் கதவுவரை போய், கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரத்தைத் துணியால் துடைத்துவிட்டு ஏறி வந்தாள். கிழமைக்கொருக்கால் துடைக்கிறதுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு பொலிஸ்காரப் பெட்டை வந்தாள். சின்ன வயது, கையில் கொப்பி, நல்ல மரியாதை. கீழ் நடையில் வைத்தே எல்லாரையும் விசாரித்தாள். ஃபைனா மனுசி தன் கதவைத் திறந்து வைத்துக் கதிரையில் இருந்தா. பிறேமாவின் முறை வந்ததும் மனுசி கையை நீட்டினா.

"இவளிட்டைக் கேளுங்கோ. பதினாறு வருசமா உந்தக் கல்லை மினுக்கிறவள். இவள் பொய் சொல்லமாட்டாள்."

பெட்டை சிரித்தாள். "வியாழன் பின்னேரம் யாரையாவது கண்டீர்களா? கதவு திறந்து விட்டது யாரென்று தெரியுமா?"

மேலே மூன்றாம் மாடியில் கதவு சாத்தாமல் இருப்பது பிறேமாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் காது கொடுத்துக்கொண்டு நிற்பதும் தெரியும்.

"நாங்கள் செபக்கூட்டத்துக்குப் போனனாங்கள்," என்றாள். "ஒண்டும் காணேல்லை."

சொல்லிவிட்டாள். அவ்வளவு லேசாக வந்தது. பேசாலை ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்ட அதே சொல், டொச்சில் சொன்னாலும் அதே சொல்தான். பெட்டை கொப்பியில் எழுதினாள். ஃபைனா மனுசி கதிரையை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினா.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. வழக்கமாகச் சபையிலிருந்து பதினைந்து பேர் வருவார்கள். இந்தமுறை நாலே பேர். மற்றவர்களைப் பிள்ளைகள் விடவில்லையாம். தெருவின் இரண்டு முனையிலும் பொலிஸ் வாகனம். மழை தூறியது. நகரசபையிலிருந்து வந்தவர் "இனி ஒருபோதும் நடவாது" என்று வாசித்தார். போன வருடமும் அதே கடதாசியைத்தான் வாசித்தார் என்று பிறேமாவுக்குத் தோன்றியது. பிள்ளைகள் வெள்ளை ரோசா வைத்தார்கள். சபைக் கிழவர் ஒருவர் குடைக்குள் நின்று எபிரேயத்தில் செபம் சொன்னார். முந்தியெல்லாம் நாலு பேராவது கூடச் சேர்ந்து சொல்லுவார்கள். இன்றைக்கு அவர் குரல் தனியாகத் தெருவில் கேட்டது, எதிர்ப்பக்கத்தில் ஒருவன் ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

பெயர்களை வாசிக்கும்போது பிறேமா அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடியில் தன் வீட்டுத் திரைச்சீலை கொஞ்சம் விலகியிருந்தது.

பிளேன்ரீயை நீட்டினாள். ஃபைனா மனுசி வாங்கிக் கையில் வைத்திருந்தா, குடிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் கோப்பை சுவரோரப் பூச்சாடியின் விளிம்பில் நிறைந்தபடி இருந்தது.

வெள்ளிக்கிழமை லக்ஸனின் டெர்மீனும் வந்தது. தகப்பன் கூடப் போனார். கோட் போட்டு, சப்பாத்து மினுக்கி, வந்து படத்தைக் காட்டினார்கள். ஜேர்மனியின் பழைய பாவத்துக்குப் பொறுப்பு உண்டென்றும், யூதருடைய வாழ்வைப் பாதுகாக்க வேணும் என்றும் ஒரு பத்திரம் வைத்தார்களாம். புதுச் சட்டமாம். பெடியன் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தானாம்.

"கை நடுங்கேல்லையோடா?" என்று கேட்டாள் பிறேமா.

"நடுங்கினதம்மா," என்றான். பிறகு தன் அறைக்குள் போனான். அன்றிலிருந்து அவன் கீழ்ப்படியில் காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகிக்கொண்டான்.

புதன்கிழமை பிறேமா வழக்கம்போல மனுசியைக் கூட்டிப் போகக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து "இண்டைக்குப் போகேல்லை" என்று மட்டும் வந்தது. அடுத்த செவ்வாய் ஒரு கார் வந்து நின்றது. மனுசியின் பெறாமகள் வந்திருந்தாள். வேறு நகரத்தில் யூத முதியோர் இல்லம், வாசலில் இரவு பகல் காவல் உண்டாம். இருபத்தொன்பது வருடம் இருந்த வீடு இரண்டு பெட்டியில் அடங்கிவிட்டது. மற்றதை ஆள் வந்து அள்ளுமாம். வாசல் நிலையில் ஒட்டியிருந்த சின்ன வேதச் சிமிழை மனுசி தானே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்தா.

பெட்டியைப் பிறேமாதான் காருக்குக் கொண்டு போனாள். பெறாமகள் டிக்கியை மூடப் போன நேரம் ஃபைனா மனுசி இவள் கையைப் பிடித்தா.

"பிறேமா, என்ரை கதவிலை ஒரு கண்ணாடித் துவாரம் இருக்கு. நீதானே அதைத் துடைக்கிறனீ."

பிறேமா மற்றக் கையால் கார்க்கதவைப் பிடித்தாள்.

"வெளிச்சம் பிடிக்கிறவன்ரை முகத்திலையும் கொஞ்ச வெளிச்சம் விழும். நான் கணக்குச் சொல்லிக் குடுத்த முகம்."

"நீங்கள் பொலிசுக்கு..."

"சொல்லேல்லை. அவனுக்காக இல்லை." மனுசி மூச்சு வாங்கினா. "நீ படியிறங்கி வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பதினெட்டு நாள். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக்கு ரெண்டு கிளாஸ் எடுத்து வைச்சனான்."

பிறேமா வாயைத் திறந்தாள். மன்னியுங்கோ என்ற சொல் தமிழிலும் வரவில்லை, டொச்சிலும் வரவில்லை. மனுசி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தா. கோபம்கூட இல்லை, கோபம் இருந்திருந்தால் இவள் தாங்கியிருப்பாள். பிறகு கையை விட்டுவிட்டுக் காரில் ஏறினா. கார் மூலையில் திரும்பி மறைந்தது.

பிறேமா மேலே போய்ப் புளிப் போத்தலை எடுத்து வந்தாள். குந்தியிருந்து மூன்று கற்களையும் தேய்த்தாள். பெயின்ற் ஒட்டியிருந்த இடங்களை நகத்தால் கிண்டினாள். தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் தகடு பளிச்சென்று வந்தது. சீக்ஃப்ரீட், மேற்றா, ரூத். அதற்குள்ளே ஒரு பொம்பிளையின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவள் சட்டென்று எழுந்தாள்.

சுவரோரம் நின்ற சீமெந்துப் பூச்சாடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது கிறீச்சிட்டுக்கொண்டு அரையடி நகர்ந்தது. குப்பைத்தொட்டி இழுக்க வந்த சூசைதாசன் கண்டுவிட்டார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"சனம் மிதிக்குது," என்றாள் பிறேமா.

அவர் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். மறுபக்கம் வந்து பிடித்துத் தள்ளினார். பூச்சாடி மூன்று பெயரையும் மூடச் சரியாகக் காணும்.